பாராம் பிளாக்ல வேலிடேட் போட்டா உள்ள இருக்கிற இஃப் எல்லாத்தையும் எடுத்துரலாமா?

தம்பி, நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. உசிலம்பட்டி பக்கம் ஒரு காலேஜ் லேப்ல வேலை பாக்குறீங்க, படிச்சு முடிச்ச பசங்க ஃபோல்டரை எல்லாம் ஆர்கைவுக்கு நகட்டிட்டு பழசை அழிக்க பவர்ஷெல்ல, அதாவது விண்டோஸோட ஸ்கிரிப்ட் மொழியில, ஒரு ஃபங்ஷன் எழுதிருக்கீங்க, அதுக்கு ஃபோல்டர், டிபார்ட்மென்ட், தேதி, எத்தனை நாள்னு நாலு பாராமீட்டர், அதாவது கூப்பிடும்போது குடுக்கிற மதிப்பு. ஒவ்வொண்ணும் சரியான்னு சோதிக்க உள்ள இஃப் எழுதி எழுதி 70 வரி ஆயிருச்சு. கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் இதெல்லாம் எதுக்கு, பாராமீட்டரை எழுதற பாராம் பிளாக்லயே, மதிப்பை சோதிக்கிற வேலிடேட் ஆட்ரிபியூட்டை போட்டா முடிஞ்சுருமேன்னு சொல்லிட்டாரு, அப்ப இஃப் எல்லாத்தையும் எடுத்துரலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "அப்படி போட்டுட்டா பயமில்லாம ராத்திரி ஓட விடலாமா"ன்னு ஒண்ணு கேட்டீங்க பாருங்க, நீங்க நெசமா கேக்குறது அதுதான்னு எனக்கு படுது. பாதி இஃபை தாராளமா எடுத்துரலாம். மீதியை எடுக்க முடியாது, இடம் மாத்தி வைக்கலாம். ராத்திரி ஓட விடறதுக்கு இது ரெண்டும் பத்தாது, ஃபங்ஷனை கூப்பிடுற ஸ்கிரிப்ட்லயும் ஒரு வேலை இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் மதுரையில விண்டோஸ் சர்வர் வேலை பாக்க ஆரம்பிச்சு 15 வருஷம் ஆச்சு, பவர்ஷெல் 2 புழக்கத்துல இருந்த காலத்துலயே ஸ்கிரிப்ட் எழுத வந்தவன். இப்ப 5.1, 7 ரெண்டுலயும் தினமும் எழுதுறேன். லினக்ஸ்ல பவர்ஷெல்லை டெஸ்ட்டுக்கு ஓட்டிருக்கேனே தவிர அதை நம்பி வேலை ஓட்டினதில்ல, அதனால நான் சொல்றதை விண்டோஸ் பக்கத்துக்குன்னு எடுத்துக்கங்க. போன்ல தமிழ் கீபோர்டுல டைப் பண்றதால ஆட்ரிபியூட் பேரெல்லாம் தமிழ்லயே எழுதுறேன், எடிட்டர்ல முதல் நாலு எழுத்து அடிச்சு டேப் அமுக்கினா மிச்சம் தானா வந்துரும்.

முதல்ல இந்த வேலிடேட் எப்ப வேலை செய்யுதுன்னு தெளிவாகணும், பாதி குழப்பம் இங்கதான். ஃபங்ஷனை கூப்பிட்ட உடனே பவர்ஷெல் நீங்க குடுத்த மதிப்பை எடுத்து, பாராமீட்டருக்கு நீங்க எழுதின டைப்புக்கு மாத்தப் பாக்கும். மாத்தின பிறகுதான் வேலிடேட் ஆட்ரிபியூட் எல்லாம் அதை சோதிக்கும். அதுவும் தேறினா ஃபங்ஷன் உடம்புக்குள்ள நுழையும், தேறலைன்னா உள்ள ஒரு வரி கூட ஓடாது. இந்த கடைசி விஷயம் பெரிய லாபம், ஏன்னா நம்ம இஃப் எழுதும்போது நாலாவது பாராமீட்டரை சோதிக்கறதுக்கு முன்னாடியே முதல் பாராமீட்டரை வச்சு எதையாவது செஞ்சு தொலைச்சிருப்போம். ஆனா முதல் விஷயத்தை கவனிங்க, டைப் மாத்தறது முதல்ல, சோதனை ரெண்டாவது. அதாவது வேலிடேட் பாக்குறது நீங்க குடுத்த மதிப்பை இல்ல, மாறி வந்த மதிப்பை.

இது எவ்வளவு பெருசுங்கறதுக்கு உங்க "எத்தனை நாள்" பாராமீட்டரையே எடுத்துக்குவோம். அதுக்கு இன்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு, டைப் போட்டிருப்பீங்க. எக்செல்ல இருந்து வந்த ஒரு வரில அந்த கட்டம் காலியா இருக்குன்னு வைங்க. காலி ஸ்ட்ரிங்கை பவர்ஷெல் இன்ட்டா மாத்தினா எரர் வராது, 0 வரும். கன்சோல்லயே போட்டுப் பாருங்க. இப்ப உங்க ஃபங்ஷன் "0 நாளுக்கு மேல பழசானதை அழி"ன்னு எடுத்துக்கும், நேத்து சேவ் பண்ணதும் அதுல அடங்கிரும். அந்த இடத்துல காலி இருக்கக்கூடாதுங்கிற வேலிடேட்டை போட்டா காப்பாத்துமான்னா, காப்பாத்தாது, ஏன்னா அது பாக்கும்போது காலி இல்லையே, 0 இருக்கு. வேலிடேட்ரேஞ்ச் 1, 3650ன்னு போட்டாத்தான் பிடிக்கும். இன்னொண்ணு, 2.5ன்னு குடுத்தா 2 ஆகும், 3.5ன்னு குடுத்தா 4 ஆகும், சரிபாதின்னா பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்கு போற கணக்கு அது. நாள் கணக்குக்கு பாதகமில்ல, பணக் கணக்குல இன்ட் போட்டா அடிபடுவீங்க, அதுக்கு டெசிமல் போடுங்க.

எனக்கு இது எப்படி புத்தியில ஏறுச்சுன்னா, ஒரே ஸ்கிரிப்ட்ல மூணு தடவ அடிபட்டேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி கப்பலூர் பக்கம் ஒரு மில்லுல இருந்தேன். எடை மேடையில இருந்து வர்ற ஃபைலெல்லாம் டி டிரைவ்ல ஃபோல்டர் ஃபோல்டரா சேரும், பழசை ராத்திரி அழிக்க நான்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டர் பேரை ஒரு எக்செல் லிஸ்ட்ல வச்சு சிஎஸ்வி ஆக்கி படிப்பேன். யாரோ லிஸ்ட்ல கடைசி ரெண்டு வரியை அழிச்சிருக்காங்க, வரியை டெலிட் பண்ணாம கட்டத்துல இருந்த எழுத்தை மட்டும் அழிச்சுட்டாங்க. எக்செல் அதை வெறும் கமா மட்டும் இருக்கிற வரியா சேவ் பண்ணிருச்சு. என் ஃபங்ஷன்ல ரிமூவ்-ஐட்டம் வரில "$ஃபோல்டர்\*"ன்னு எழுதிருந்தேன், உள் ஃபோல்டரையும் சேத்து கேக்காம அழிக்கிற ரிகர்ஸும் ஃபோர்ஸும் போட்டு. $ஃபோல்டர் காலின்னா மிஞ்சுறது "\*" மட்டும்தான், அதுக்கு அர்த்தம் இப்ப நிக்கிற டிரைவோட தலை மாட்டுல இருந்து எல்லாம். ஸ்கிரிப்ட் டி டிரைவ்ல நின்னுதான் ஓடும். காலையில வெள்ளனயே எடை மேடை ஆளு போன் போட்டு, சார் ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்லன்னாரு. போய் டி டிரைவை திறந்தா வெள்ளைச் சுவர் மாதிரி இருந்துச்சு, திறந்து வச்சிருந்த ரெண்டு லாக் ஃபைல் மட்டும் மிச்சம். பேக்கப்ல இருந்து மீட்டோம், ஆனா மூணு நாள் எடைச் சீட்டை பேப்பர்ல இருந்து கையால ஏத்த வேண்டியதாப் போச்சு, அந்த வேலையை செஞ்சது நான் இல்ல, அந்த எடை மேடை ஆளு. அது இன்னைக்கும் எனக்கு உறுத்தும்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்ல. 2015 ஜனவரியில லினக்ஸ்ல ஸ்டீம் கேம் சாஃப்ட்வேரோட ஷெல் ஸ்கிரிப்ட்ல இதே கதை வெளிய வந்துச்சு, ஒரு வேரியபிள் காலியா வந்து, அதுக்குப் பின்னாடி இருந்த சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சி, யூசரோட ஃபைலெல்லாம் அழிஞ்சுது. அந்த வரிக்கு மேல பயமா இருக்குங்கிற அர்த்தத்துல ஒரு கமெண்ட் வேற எழுதி வச்சிருந்தாங்க. பயந்த நேரத்துல ஒரு சோதனை வரி எழுதிருந்தா போதும். லினக்ஸோட பேஷ் ஷெல்ல அதுக்கு ஒரு வரிக்கு மேல தேவையில்ல, டாலர் வளைவு அடைப்புக்குள்ள வேரியபிள் பேருக்கு அப்புறம் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு மெசேஜ் எழுதினா, காலியா இருந்தா ஸ்கிரிப்ட் அங்கயே நின்னுரும்.

சரி, அடிபட்ட பிறகு நான் என்ன செஞ்சேன், ஃபோல்டர் பாராமீட்டருக்கு காலி இருக்கக்கூடாதுன்னு வேலிடேட்நாட்நல்ஆர்எம்ப்டி போட்டேன், அப்பாடான்னு இருந்தேன். ரெண்டாவது அடி அங்க இருந்துதான் வந்துச்சு, உங்க ராத்திரி கேள்விக்கு பதிலும் இதுதான், கவனமா படிங்க. வேலிடேட் தோத்தா ஃபங்ஷன் ஓடாதுன்னு சொன்னேன்ல, அது சரி. ஆனா ஃபங்ஷனை கூப்பிட்ட ஸ்கிரிப்ட் நிக்காது! சிவப்பு எழுத்துல எரரை காட்டிட்டு அடுத்த வரிக்கு போயிரும். என் ஸ்கிரிப்ட்ல முதல் வரி ஆர்கைவுக்கு காப்பி எடுக்கிற ஃபங்ஷன், அடுத்த வரி பழசை அழிக்கிற ஃபங்ஷன், அதுக்கு அடுத்து லாக்ல "முடிந்தது"ன்னு எழுதற வரி. காப்பி ஃபங்ஷன்ல வேலிடேட் தோத்துருச்சு, காப்பி எடுக்கல. அழிக்கிற ஃபங்ஷனுக்கு வேற பாராமீட்டர், அது சரியா இருந்துச்சு, அது பாட்டுக்கு அழிச்சுருச்சு. லாக்ல முடிந்ததுன்னு இருக்கு, நேரத்துக்கு ஸ்கிரிப்டை ஓட்டுற டாஸ்க் ஷெட்யூலர்ல ரிசல்ட் 0, அதாவது வெற்றின்னு இருக்கு, பாக்குறவங்களுக்கு எல்லாம் நல்லா நடந்த மாதிரிதான் தெரியும். ராத்திரி ஓடுறப்ப அந்த சிவப்பு எழுத்தைப் பாக்க ஆள் ஏது.

இதுக்கு மருந்து ஸ்கிரிப்டோட தலையில, எரர் வந்தா என்ன செய்யணும்னு சொல்ற எரர்ஆக்ஷன்பிரிஃபரன்ஸை ஸ்டாப்னு வைக்கிறது. அப்ப வேலிடேட் தோத்தாலும் மொத்த ஸ்கிரிப்டும் அங்க நிக்கும். இல்லைன்னா ட்ரை கேட்ச் போட்டு, கேட்ச்ல லாக் எழுதிட்டு 1ன்னு எக்ஸிட் குடுங்க, ஷெட்யூலர்ல தோல்வின்னு தெரியும். நிறைய பேர் ஃபங்ஷனை கூப்பிடுற வரியிலயே எரர்ஆக்ஷன் ஸ்டாப்னு போட்டா போதும்னு நினைக்கிறாங்க, அந்த ஸ்விட்ச் இந்த வகை எரருக்கு வேலைக்கு ஆகாது, ஏன்னா இது ஃபங்ஷனுக்குள்ள போறதுக்கு முன்னாடியே, பாராமீட்டரை கட்டும்போதே வர்ற எரர். இதுல எனக்கு சந்தேகமே இல்ல, நீங்களே மூணு வரி எழுதி ஓட்டிப் பாத்துரலாம்.

மூணாவது அடி மேண்டேட்டரியில. கட்டாயம் வேணும்னு மேண்டேட்டரி போட்டா, கூப்பிடறவங்க குடுக்க மறந்தா பவர்ஷெல் எரர் குடுக்காது, என்ன மதிப்புன்னு கேட்டுக்கிட்டு நிக்கும். கன்சோல்ல உக்காந்து ஓட்டும்போது நல்ல வசதி. ஷெட்யூலர்ல? காலையில போய் பாத்தா டாஸ்க் "ரன்னிங்"னு காட்டிக்கிட்டு இருந்துச்சு, ராத்திரி 11 மணியில இருந்து யாரும் இல்லாத ரூம்ல பதிலுக்கு காத்துக்கிட்டு கிடந்துருக்கு. ஷெட்யூலர்ல பவர்ஷெல்லை கூப்பிடும்போது நான்இன்டராக்டிவ்ங்கிற ஸ்விட்சையும் சேத்து குடுங்க, அப்ப கேக்காம எரர் குடுத்துரும். மேண்டேட்டரி இல்லாத காலத்துல இருந்து வர்ற பழைய வழி ஒண்ணு இருக்கு, பாராமீட்டரோட டிஃபால்ட் மதிப்பு இருக்கிற இடத்துல த்ரோன்னு எழுதி வைக்கிறது, குடுக்கலைன்னா த்ரோ ஓடி நிக்கும். இப்பவும் வேலை செய்யுது, சில இடத்துல நான் அதைத்தான் வைக்கிறேன், ஆனா அதை எல்லாரும் அழகுன்னு ஒத்துக்க மாட்டாங்க, அது அவங்கவங்க ருசி.

இப்ப தேதிக்கு வருவோம், நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் விழுற குழி இதுதான். பாராமீட்டருக்கு டேட்டைம்னு டைப் போட்டு "05/06/2024"ன்னு குடுத்தீங்கன்னா நீங்க நினைக்கிறது ஜூன் 5, பவர்ஷெல் எடுத்துக்கிறது மே 6. உங்க கம்ப்யூட்டர்ல ரீஜன் இந்தியான்னு வச்சிருந்தாலும் சரி, ஸ்ட்ரிங்கை டேட்டைமா மாத்தும்போது ஊர் செட்டிங்கை பாக்காம மாசம் முதல்ல, நாள் பின்னாடிங்கிற கணக்குலதான் மாத்தும். "25/06/2024"ன்னு குடுத்தா 25வது மாசம் இல்லைன்னு எரர் வந்துரும், அது நமக்கு நல்லது. மாசத்துல முதல் 12 நாள்தான் ஆபத்து, அதுல 05/05 மாதிரி ரெண்டும் ஒண்ணா இருக்கிற ஒரு நாள் மட்டும் தப்பிக்கும், மீதி 11 நாளும் சத்தமில்லாம தப்பான தேதி உள்ள போகும். இதை எந்த வேலிடேட்டும் பிடிக்காது, ஏன்னா மே 6ங்கிறதும் நல்ல தேதிதானே. நான் செய்யறது, பாராமீட்டரை ஸ்ட்ரிங்கா வாங்கி வருஷம்-மாசம்-நாள்னு 2024-06-05 மாதிரி இருக்கணும்னு வேலிடேட்பேட்டர்ன் வச்சு, உள்ள பார்ஸ்எக்ஸாக்ட் போட்டு தேதியா மாத்துவேன். ஆபீஸ்ல நாள் முதல்ல எழுதித்தான் பழக்கம்னா அதே பார்ஸ்எக்ஸாக்ட்ல நாள், மாசம், வருஷம்னு வடிவத்தை குடுத்துரலாம், கண்டிப்பா வடிவத்தை நீங்க சொல்லணும், அதை ஊகிக்க விடக்கூடாது.

ரேஞ்ச்ல ஒரு விஷயம் சொல்லணும், இது முழுக்க என் அபிப்பிராயம், வேற மாதிரி நினைக்கிறவங்களும் இருப்பாங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு பில்லு போடற சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தேன். மல்லி கிலோ விலைக்கு வேலிடேட்ரேஞ்ச் 20ல இருந்து 2000ன்னு வச்சேன், ஒரு சைபர் கூட விழுந்தா பிடிக்கட்டும்னு. புரட்டாசியில போட்டது, மாசக்கணக்கா ஒழுங்கா ஓடுச்சு. மார்கழி தையில பனி விழுந்து வரத்து குறைஞ்சு, பொங்கலும் முகூர்த்தமும் சேந்து வந்தா மல்லி 3000 தாண்டுற ஊரு இது. அன்னைக்கு விடியக்காலையில ஸ்கிரிப்ட் பில்லு போட மாட்டேன்னு நின்னுருச்சு, கடைக்காரர் பூ மூட்டையை வச்சுக்கிட்டு எனக்கு போன் போடறாரு, வேபாரிக எல்லாம் சுத்தி நிக்கிறாங்க. விலை சரி, என் எல்லைதான் தப்பு. அதுல இருந்து நான் வச்சிருக்கிற வழக்கம், மாறவே மாறாததை மட்டும் பாராமீட்டர்ல பூட்டுறது. மாசம் 1ல இருந்து 12, விலை 0க்கு மேல, பின்கோடு ஆறு இலக்கம், இதெல்லாம் அங்க இருக்கட்டும். வியாபாரத்தோட மாறுற எல்லையை ஒரு செட்டிங் ஃபைல்ல வச்சு, தாண்டுனா நிறுத்தாம "விலை வழக்கத்தை விட ரொம்ப அதிகமா இருக்கு, சரிதானா"ன்னு கேட்டு ஆமான்னா விட்டுருங்க. உங்க விஷயத்துல "எத்தனை நாள்"க்கு கீழ் எல்லை பூட்டு வேணும், மேல் எல்லை அவ்வளவு முக்கியமில்ல, 5000 நாள்னு யாராவது குடுத்தா ஒண்ணும் அழியாது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரிங்கை சோதிக்கிற வேலிடேட்கள்ல நாலு விஷயம், நாலுமே உறுதியானது. முதல்ல, வேலிடேட்பேட்டர்ன் ஸ்ட்ரிங்குக்குள்ள எங்கயாவது பொருந்தினாலே தேறிருச்சுன்னு விட்டுரும், முழுசா பொருந்தணும்னா தொடக்கத்துல ^ குறியும் முடிவுல $ குறியும் நீங்க போடணும். ரெண்டாவது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, அனுமதிச்ச பேர் லிஸ்ட்டை வைக்கிற வேலிடேட்செட்டும் அப்படித்தான், "பிசிஏ"வை இங்கிலீஷ்ல எப்படி அடிச்சாலும் ஏத்துக்கும், ஆனா உள்ள வர்றது அவங்க அடிச்ச மாதிரியே வரும், நீங்க செட்ல எழுதின மாதிரி மாத்திக் குடுக்காது. அந்த பேரை வச்சு வேற எதோடயாவது ஒப்பிடறீங்கன்னா இது கடிக்கும். மூணாவது தமிழ்ல எழுதற நமக்குன்னே இருக்கிறது: பின்சாய்கோடு போட்டு டி எழுதினா இலக்கம்னு அர்த்தம்ல, பவர்ஷெல்லுக்கு அடியில இருக்கிற டாட்நெட்ல அது 0ல இருந்து 9 மட்டும் இல்ல, யூனிகோட்ல இலக்கம்னு இருக்கிற எல்லாமே, அதுல நம்ம ௧, ௨, ௩ம் அடக்கம். போன்ல தமிழ் எண்ணுல பின்கோடை அடிச்சு அனுப்பினா பேட்டர்ன் தேறிரும், பின்னாடி போய் எங்கயாவது உடையும். அதனால சதுர அடைப்புக்குள்ள 0-9ன்னே எழுதுங்க. பைத்தான்லயும் இப்படித்தான், அதுல இன்ட்டுக்கு ௧௨ன்னு ஸ்ட்ரிங் குடுத்தா 12ன்னே மாத்திக் குடுத்துரும்.

நாலாவது நீளம். வேலிடேட்லெங்த் எண்ணுறது நம்ம எண்ணுற எழுத்தை இல்ல. மீனாட்சின்னு எழுதினா நமக்கு மீ, னா, ட், சின்னு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ம, அதோட கொக்கி, ன, கால், ட, புள்ளி, ச, கொக்கின்னு எட்டு. மதுரைங்கிறது மூணு எழுத்து, அதுக்கு அஞ்சு. பேருக்கு அதிகபட்சம் 20ன்னு வச்சீங்கன்னா இங்கிலீஷ்ல எழுதறவங்களுக்கு தாராளமா இருக்கும், தமிழ்ல எழுதற புள்ளையோட பேர் அதுக்குள்ள அடங்காம எரர் வந்துரும். இதே காரணத்தாலதான் பேருக்கு எழுத்து மட்டும்தான் வரலாம்னு யூனிகோட் எழுத்து வகையை மட்டும் பேட்டர்ன்ல போட்டா மீனாட்சி உள்ள வர முடியாது, அந்த கொக்கியும் காலும் புள்ளியும் குறிங்கிற தனி வகை, அதையும் சேக்கணும். முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் சேக்க மறந்துராதீங்க, நம்ம பேர்ல இனிஷியல் இருக்கும். டிபார்ட்மென்ட் பேரை வேலிடேட்செட்ல தமிழ்லயே வைக்கிறதா இருந்தா இன்னொண்ணு, 5.1ல ஓட்டுறீங்கன்னா ஸ்கிரிப்ட் ஃபைலை யூடிஎஃப் 8 வித் பாம்னு சேவ் பண்ணுங்க, பாம்ங்கிறது ஃபைல் தலையில வைக்கிற எழுத்துமுறை அடையாளம். பாம் இல்லைன்னா 5.1 அதை பழைய ஆன்சி கணக்குல படிச்சு தமிழை எல்லாம் குப்பையாக்கிரும், நீங்க சரியா "கணிதம்"னு குடுத்தாலும் லிஸ்ட்ல இல்லைன்னு சொல்லும். 7ல இந்த தொல்லை இல்ல.

டிஃபால்ட் மதிப்பை வேலிடேட் சோதிக்காது, இதையும் குறிச்சுக்கங்க. ரேஞ்ச் 1ல இருந்து 10ன்னு போட்டு டிஃபால்ட் 100ன்னு வச்சா, யாரும் எதுவும் குடுக்காதப்ப 100 அப்படியே உள்ள வரும். இதுக்கு நேர்மாறா, ஃபங்ஷனுக்குள்ள அந்த வேரியபிளுக்கு நீங்க புது மதிப்பு வைக்கும்போது வேலிடேட் மறுபடி வேலை செய்யும், எரர் வரும். முதல் தடவ பாக்குறப்ப எங்க இருந்து வருதுன்னே புரியாது, அதனால பாராமீட்டர் வேரியபிளை உள்ள மாத்தாம வேற பேர்ல எடுத்துக்கறது நல்லது.

பாராம் பிளாக்குக்கு மேல கமாண்ட்லெட்பைண்டிங் போடுங்க, மறக்காம. போடாட்டியும், மேண்டேட்டரி எழுதற அந்த "பாராமீட்டர்"ங்கிற ஆட்ரிபியூட் ஒண்ணு இருந்தா அது தானா வந்துரும், வெறும் வேலிடேட் மட்டும் இருந்தா வராது, ஆனா எல்லா ஃபங்ஷன்லயும் எழுதிப் பழகுறதே நல்லது. அது இல்லாத சாதா ஃபங்ஷன்ல பாராமீட்டர் பேரை தப்பா அடிச்சா எரரே வராது, தப்பான பேரும் அதோட மதிப்பும் ஆர்க்ஸ்ங்கிற மூட்டைக்குள்ள விழுந்துரும், உங்க பாராமீட்டர் டிஃபால்ட்டோட ஓடும். அப்புறம் காலேஜ்ல சி, ஜாவா படிச்சுட்டு வர்ற பசங்க ஃபங்ஷன் பேருக்கு அப்புறம் அடைப்பு போட்டு கமா வச்சு ரெண்டு மதிப்பு குடுப்பாங்க, பவர்ஷெல்ல அது ரெண்டு மதிப்பு இல்ல, ரெண்டு உருப்படி இருக்கிற ஒரே அரே, மொத்தமும் முதல் பாராமீட்டருக்கு போகும். இன்ட் மாதிரி எண் டைப் போட்டிருந்தா அங்க எரர் வந்து காப்பாத்தும்.

எடுக்க முடியாத இஃப் எதெல்லாம்னா, ஒரு பாராமீட்டர் இன்னொண்ணை பொறுத்து இருக்கிறது. தொடக்க தேதி முடிவு தேதிக்கு முன்னாடி இருக்கணும்ங்கிற மாதிரி. நம்ம கோடையே எழுதி சோதிக்கிற வேலிடேட்ஸ்கிரிப்டுக்குள்ள இன்னொரு பாராமீட்டரை எட்டிப் பாக்கலாமேன்னு தோணும், வேணாம், எது முதல்ல கட்டப்படும்ங்கிறதை நம்ப முடியாது. அதை ஃபங்ஷன் உடம்போட முதல் வரிகள்ல, வேற எந்த வேலையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வச்சுருங்க. ஃபோல்டர் இருக்கான்னு டெஸ்ட்-பாத் போடறதுக்கு வேலிடேட்ஸ்கிரிப்ட் சரிதான், ஆனா வெறுமனே பொய்னு வந்தா அது காட்டுற எரர்ல உங்க ஸ்கிரிப்ட் வரியையே எடுத்துக் காட்டும், லேப் அட்டெண்டருக்கு ஒண்ணும் புரியாது, அதனால இல்லைன்னா "இந்த ஃபோல்டர் இல்ல, பேரை சரி பாருங்க"ன்னு நீங்களே த்ரோ பண்ணுங்க. 7ல ஆட்ரிபியூட்லயே எரர்மெசேஜ்னு ஒண்ணு குடுக்கலாம், 5.1ல அது கிடையாது. சோதிச்ச நேரத்துல இருந்த ஃபோல்டர் அழிக்கிற நேரத்துல இல்லாமப் போகலாம், அதனால முன்னாடி சோதிக்கறதே வீண்னு சில பேர் சொல்லுவாங்க. அவங்க சொல்ற காரணம் உண்மைதான், ஆனா அழிக்கிற வேலைன்னா நான் ரெண்டு இடத்துலயும் சோதிப்பேன்.

அழிக்கிற ஃபங்ஷனுக்குன்னே ஒண்ணு, காலி இல்லைங்கிறது மட்டும் பத்தாது. வெறும் இடைவெளி ஒண்ணு வந்தா அது காலி இல்லைன்னு தேறிரும், 7.4ல இருந்துதான் அதையும் பிடிக்கிற ஆட்ரிபியூட் இருக்கு. நட்சத்திரக் குறி வந்தாலும் தேறும், ரெண்டு புள்ளி வந்தா மேல் ஃபோல்டருக்கு ஏறிரும். அதனால வந்த பேரை ரிசால்வ்-பாத் போட்டு முழு முகவரியாக்கி, அது நீங்க அனுமதிச்ச ஃபோல்டருக்குள்ளதான் ஆரம்பிக்குதான்னு பாருங்க. அப்படி பாக்கும்போது கடைசி சாய்கோட்டோட சேத்து ஒப்பிடணும், இல்லைன்னா "ஸ்டூடன்ட்"னு அனுமதிச்சா "ஸ்டூடன்ட்2"வும் உள்ள வந்துரும். அழிக்கிற வரில பாத்துக்கு பதிலா லிட்டரல்பாத் போட்டா நட்சத்திரத்தை நட்சத்திரமா மட்டும் பாக்கும். சப்போர்ட்ஸ்ஷுட்புராசஸ் போட்டு, அழிக்கிற வரியை அது கேக்குற இஃபுக்குள்ள வச்சா, வாட்இஃப்னு குடுத்து எதை எதை அழிக்கப் போகுதுன்னு லிஸ்ட் மட்டும் பாக்கலாம், நிஜமா அழியாது.

நீங்க இப்ப 70 வரியையும் ஒரே நாள்ல மாத்த வேணாம். அழிக்கிற ஃபங்ஷனை மட்டும் முதல்ல எடுங்க. ஸ்கிரிப்ட் தலையில ஸ்டாப், ஷெட்யூலர்ல நான்இன்டராக்டிவ், ஃபோல்டருக்கு முழு முகவரி சோதனை, நாளுக்கு 1ல இருந்து ரேஞ்ச், தேதிக்கு வடிவம். அப்புறம் ஒரு டெஸ்ட் ஃபோல்டரை வச்சுக்கிட்டு காலி ஸ்ட்ரிங், ஒரு இடைவெளி, நட்சத்திரம், ரெண்டு புள்ளி, 0, 05/06ன்னு ஒவ்வொண்ணா குடுத்துப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஃபங்ஷன் நிக்குதா, அதுக்கு அடுத்த வரியும் ஓடாம நிக்குதான்னு ரெண்டையும் பாக்கணும். பவர்ஷெல்லுக்கான டெஸ்ட் டூல் பெஸ்டர் தெரிஞ்சா இதையே டெஸ்ட்டா எழுதி வச்சுக்கலாம், தெரியலைன்னா நோட்ல எழுதி கையால ஓட்டினாலும் சரிதான். ஓட்டிட்டு எது நிக்கலைன்னு அந்த எரரோட இங்க போடுங்க, சனி ஞாயிறுல பாத்து சொல்றேன்.